ஐநேச்சுரலிஸ்ட் செயலி: ஊர் ஏரியைக் காக்க நினைக்கும் இளைஞருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2,015.51 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போனது. எதிர்த்து எழுந்த ஊர்களின் கையில் இரண்டாண்டுக்கு முந்தைய ஓர் அரசு அறிவிப்பு இருந்தது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193.215 ஹெக்டேரை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவித்தது அது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், அவற்றுள் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லி கழுகு, கூடவே அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு என்று அங்கு வாழும் உயிர்களை அரசே பெயர் சொல்லி எழுதியிருந்தது. ஏலத்தின் மறுபரிசீலனைக்கு ஒன்றிய அரசு சொன்ன காரணத்திலும் இந்தத் தலம் இடம்பெற்றது. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. சாதித்தது மக்கள் திரண்டு நடந்த நடைதான். ஆனால் திரண்டவர்கள் வெறுங்கையோடு பேசவில்லை.

கண்ட உயிர்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியை இந்தக் கோணத்தில்தான் மதிப்பிட வேண்டும். பூவுக்கும் பூச்சிக்கும் பெயர் சொல்லும் விளையாட்டாக அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுபவர்கள் அதிகம். 2021-இல் இந்தியா உட்பட பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் நடந்த ஆய்வு லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் வந்தது. காலநிலை மாற்றம் குறித்து மிகவும் அல்லது அளவுகடந்து கவலைப்படுவதாக அதில் 59 விழுக்காட்டினர் சொன்னார்கள். அன்றாட வாழ்க்கையையே அந்தக் கவலை பாதிக்கிறது என்றவர்கள் 45 விழுக்காடு. இந்தக் கவலை உண்மையானது, நியாயமானது. ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கவலையை யாரும் குறித்துக்கொள்வதில்லை. எந்த உயிர், எந்த இடம், எந்த நாள், பார்த்ததற்கு என்ன சான்று என்ற நான்கையும் கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை வரும். ஐநேச்சுரலிஸ்ட் இந்த நான்கையும் ஒரே பதிவில் சேர்க்கிறது. சரியாகச் செய்தால் மட்டும்.

செயலி இலவசம், விளம்பரம் இல்லை. 2008-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர் மூவரின் படிப்புத் திட்டமாகத் தொடங்கியது. 2023 முதல் தனித்து இயங்கும் லாபநோக்கற்ற அமைப்பு. படமோ ஒலியோ ஏற்றலாம். படம் என்றால், அதைப் பார்த்து இனம் காணும் மென்பொருளான கணினிப் பார்வை சில பெயர்களைப் பரிந்துரைக்கும். பிறகு உலகெங்கும் உள்ள பயனர்கள் பார்த்து, ஒப்புவார்கள் அல்லது திருத்துவார்கள். நாள், இடம், படம் (அல்லது ஒலி) மூன்றும் இருந்து, குறைந்தது இருவர் ஒரே இனப்பெயரைச் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவுக்கு 'ரிசர்ச் கிரேடு' என்ற பச்சை முத்திரை விழும். அப்படிப்பட்ட பதிவுகள் உலகப் பல்லுயிர்த் தரவகமான ஜிபிஃபுக்குப் போகும், ஆய்வாளர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஒரு நிபந்தனை உண்டு. கணக்கு அமைப்பில் உரிமத்தை 'ஆல் ரைட்ஸ் ரிசர்வ்டு' என்று மாற்றிவிட்டால் ஜிபிஃபுக்குப் போகாது. முன்னிருப்பாக வரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

படம் எடுப்பதில்தான் பாதி வேலை

முத்திரை விழாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பதிவுகளைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் குறை ஒன்றுதான்: ஒரே ஒரு படம், அதுவும் தூரத்திலிருந்து. ஒரு செடிக்கு ஐந்தாறு படங்களாவது வேண்டும். முழுச் செடி, இலையின் மேல்புறம், அடிப்புறம், தண்டில் இலைகள் எதிரெதிராக உள்ளனவா மாறி மாறி உள்ளனவா என்பது தெரியும் ஒரு படம், பூவை முன்னாலும் பக்கவாட்டிலும், காய் இருந்தால் காய். மரமாக இருந்தால் பட்டையும் சேரும். பூவை மட்டும் அழகாக எடுத்து ஏற்றினால் பேரினம் என்ற பொதுப் பிரிவோடு நின்றுவிடும், அறிந்தவர்கள்கூட அதற்கு மேல் சொல்லமாட்டார்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் வேண்டும். பல இனங்களை அடிப்பக்கத்துக் கோடு புள்ளிகளை வைத்துத்தான் பிரிக்க முடியும். தட்டானுக்கு மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வால் நுனி தெளிவாகத் தெரியும்படி இன்னொன்று. சிலந்திக்கு முகத்தில் கண்கள் அமைந்திருக்கும் விதம் முக்கியம். காளானுக்குக் குடையின் அடிப்பகுதி இல்லாத படம் ஏறக்குறைய வீண். தவளைக்குப் பின்கால் விரலிடைச் சவ்வும் விலாப்பக்கமும் வேண்டும். அதைவிட மேலானது, மழை இறங்கிய இரவில் அது எழுப்பும் குரலைக் கைபேசியில் 30 விநாடி பதிந்து ஒலியாக ஏற்றுவது. நம் தவளைகளில் உருவம் ஒன்றுபோல் இருந்து குரலால் மட்டும் வேறுபடுபவை உண்டு. பாம்புக்குக் கிட்டே போகவே வேண்டாம். பெரிதாக்கி எடுத்த மங்கலான படம் போதும், தலையும் உடலின் நடுப்பகுதியும் தெரிந்தால் சரி. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் படம் எடுக்காமல் விலகிவிடுவதே நல்லது. தாய்ப்பறவை எழுந்து போன சில நிமிடம் காக்கைக்குப் போதும்.

ஒரு பதிவில் ஓர் உயிர் என்பது மாறாத விதி. மூன்று கோணப் படங்களை மூன்று தனிப் பதிவாக ஏற்றுவதும் தவறு, ஏரிக்கரையில் எடுத்த பத்து விதச் செடிகளை ஒரே பதிவில் திணிப்பதும் தவறு. இரண்டாவது தவறுதான் மோசம். எந்தப் படத்துக்குப் பெயர் சொல்வது என்று தெரியாமல் எல்லோரும் கடந்து போய்விடுவார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தை ஏற்றும் பழக்கம் நம்மிடம் அதிகம். அது இரண்டு வகையில் கெடுதல். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். அதனால் நீங்கள் ஏற்றிய நாளும் உங்கள் வீடும் பதிவாகி, கழுவெளியில் பார்த்த பறவை அடுக்குமாடிக் குடியிருப்பில் போய் உட்காரக்கூடும். தவிர, அது வேறொருவர் எடுத்த படம் என்றால் விதிமீறல், புகார் வந்தால் நீக்கப்படும். பார்த்தவரையே கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். சொந்தமாக எடுத்த படத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்ட்ராய்டு 10-க்குப் பின், படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பைச் செயலிக்குத் தரத் தனி அனுமதி வேண்டும். அனுமதி இல்லையென்றால் படம் ஏறும், இடம் ஏறாது. ஏற்றும் முன் வரைபடத்தைத் திறந்து, புள்ளி சரியான கரையில் இருக்கிறதா, சுற்றியுள்ள துல்லிய வட்டம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 10 மீட்டர் வட்டம் கொண்ட பதிவு சான்றாகும். 5 கிலோமீட்டர் வட்டம் கொண்டது எந்த ஏரி என்பதையே சொல்லாது.

படங்களை 2048 பிக்சலுக்குச் சுருக்கித்தான் தளம் வைத்துக்கொள்கிறது. டேட்டா செலவு குறைகிறது என்பது நல்லதுதான். ஆனால் மூலப்படங்களைத் தேதிவாரியாக நீங்களே ஒரு வன்தட்டில் வைத்திருக்க வேண்டும். பின்னால் எவராவது கேள்வி எழுப்பினால் காட்ட வேண்டியது மூலப்படம்தான். சிக்னல் இல்லாத இடத்தில் பதிவைச் சேமித்துவிட்டு, வைஃபை கிடைக்கும்போது ஏற்றலாம். தானாக ஏற்றும் வசதியை அணைத்து வையுங்கள், சரிபார்க்காத பதிவு முந்திக்கொண்டு போகாது.

பெயர் சொல்லும் கணினியை எவ்வளவு நம்பலாம்?

ஊர்ப் பறவைகள், பரவலான வண்ணத்துப்பூச்சிகள், சாலையோர மரங்கள் என்றால் தாராளமாக நம்பலாம். போதிய படங்கள் சேர்ந்த இனங்களை மட்டும் வைத்துக் கணினிக்குப் பயிற்சி கொடுக்கப்படுகிறது. நம் பக்கத்துப் புற்கள், கோரைகள், சிலந்திகள், சிறு பூச்சிகள், மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் ஆகியவற்றில் பல அந்தப் பட்டியலிலேயே இல்லை. இல்லாததைச் சொல்லத் தெரியாமல், அதைப் போலிருக்கும் வட அமெரிக்க இனத்தின் பெயரைச் சொல்லிவிடும். பரிந்துரையின் பக்கத்தில் 'இந்த வட்டாரத்தில் எதிர்பார்க்கப்படுவது' என்ற குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இனப்பெயரைத் தொடாதீர்கள். பேரினம் அல்லது குடும்பத்தோடு நிறுத்துங்கள். அதுவும் தெரியாவிட்டால் 'செடி', 'பூச்சி' என்றாவது போடுங்கள். எதுவும் போடாத பதிவு 'அன்னோன்' குவியலில் விழுந்து கண்ணில் படாமலே போகும்.

கல்லூரிக் குழுக்களில் நடக்கும் ஒரு கெடுதலை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நண்பர் பதிவு என்பதால் பார்க்காமலே 'அக்ரீ' பொத்தானை அழுத்துவது. இருவர் தவறான பெயரில் ஒத்துப்போய்விட்டால் முத்திரை விழுந்துவிடும். அதைச் சரியான பெயருக்கு மாற்ற ஐந்து பேர் வர வேண்டும். நால்வர் வந்தாலும் ஆறில் நான்கு, அதாவது சரியாக மூன்றில் இரண்டுதான் ஆகும், தாண்டாது. இந்தியாவின் புல்லையும் சிலந்தியையும் அறிந்த ஐந்து பேர் ஒரே பதிவைப் பார்க்க ஆண்டுகள் ஆகலாம். படத்தில் எந்த அடையாளத்தைப் பார்த்து ஒப்புகிறீர்கள் என்று உங்களால் சொல்ல முடிந்தால் மட்டும் ஒப்புங்கள்.

நட்டு வளர்ப்பவற்றையும் கவனிக்க வேண்டும். தொட்டிச்செடி, பள்ளி வளாகத்தில் நட்ட வேம்பு, மீன்தொட்டியில் நீந்துவது ஆகியவற்றை 'கேப்டிவ் அல்லது கல்டிவேட்டட்' என்று குறிக்க வேண்டும். மதிலிடுக்கில் தானாக முளைத்த வேம்பும் ஆலும் காட்டுயிர்க் கணக்கில் வரும். பார்த்தீனியம், உண்ணிச்செடி, ஆகாயத்தாமரை, சீமைக்கருவேலம் போன்ற அயல் இனங்களைப் பதியத் தயங்குகிறார்கள், அழகில்லை என்றோ என்னவோ. அவற்றுக்கும் பதிவு தேவை. எண்ணூர், பழவேற்காடு கழிமுகத்தில் காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் தென் அமெரிக்க மட்டி, இறால் பிடிக்கும் பாடுகளையும் மஞ்ச மட்டியையும் எப்படி மூடிவிட்டது என்பது தெரிந்ததே. அப்படிப்பட்ட ஒன்று புதிய நீர்நிலையில் முதன்முதலாகத் தென்பட்ட நாளும் புள்ளியும் பதிவாகியிருந்தால், அது பரவும் வழியைத் தடம் பிடிக்கலாம்.

மறைக்கப்படும் இடங்கள்

அழிவாபத்தில் உள்ள பல இனங்களின் இடத்தைத் தளமே மறைத்துவிடும். தேவாங்கு, அழுங்கு, நட்சத்திர ஆமை ஆகியவை இதில் வரும். மறைத்த பதிவின் புள்ளி 0.2 பாகை அகல நீளமுள்ள கட்டத்துக்குள், அதாவது நம் பக்கம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் சதுரத்துக்குள், எங்கோ ஓரிடத்தில் விழும். நாளும் மற்றவர்களுக்குத் தெரியாது, மாதம் மட்டும் தெரியும். வேட்டைக்காரர்களும் கடத்துபவர்களும் தளத்தைப் பார்க்கிறார்கள் என்ற அச்சம் நியாயமானது, இந்த மறைப்பு நல்ல ஏற்பாடு. ஆனால் குறிப்புப் பெட்டியில் 'கோயில் பின்புறப் பாறை' என்று நீங்களே எழுதினாலோ, படத்தின் பின்னணியில் கோபுரம் தெரிந்தாலோ மறைத்தும் பயனில்லை. தளம் தானாக மறைக்காத இனமாக இருந்தாலும் ஆந்தைப் பொந்து, வல்லூறு கூடு போன்றவற்றை 'ஜியோபிரைவசி' அமைப்பில் நீங்களே மறைத்துவிடுங்கள்.

பாதுகாப்பு வேலை செய்பவர்கள் அறியாமல் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். ஊர்க்குன்றின் எல்லையை வரைந்து, அதற்குள் வரும் பதிவுகளைத் திரட்டிக் காட்டும் ஒரு திட்டப்பக்கம் தளத்தில் தொடங்குகிறீர்கள். மறைக்கப்பட்ட பதிவுகள் 22 கிலோமீட்டர் கட்டத்தில் இருப்பதால், சிறிய எல்லைக்குள் அவை வராது. ஆக, குன்றைக் காக்க வலுவான சான்றாக இருக்கும் தேவாங்கும் அழுங்கும் உங்கள் திட்டப்பக்கத்துப் பட்டியலில் இருக்கவே இருக்காது. செயலியின் பெருங்குறை இது. இதற்கு வழி, பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கணக்கிலிருந்து பதிவுகளை அட்டவணை வடிவ சி.எஸ்.வி. கோப்பாக இறக்கிக்கொள்வது. சொந்தப் பதிவின் உண்மையான ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) அதில் வரும். அதைப் பொதுவெளியில் பகிராமல், வனத்துறைக்கோ ஆட்சியருக்கோ தனிக் கடிதமாக மட்டும் கொடுங்கள்.

திட்டப்பக்கம் தொடங்கும்போது 'கலெக்‌ஷன்' வகையைத் தேர்ந்தெடுங்கள். எல்லையும் தேதியும் கொடுத்துவிட்டால், அதற்குள் யார் பதிந்தாலும் தானாகச் சேரும். பழைய 'டிரெடிஷனல்' வகையில் ஒவ்வொருவரும் கையால் சேர்க்க வேண்டும், பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். எல்லையை கூகுள் எர்த்தில் வரைந்து கே.எம்.எல். கோப்பாக ஏற்றலாம். கரையோடு நிறுத்தாமல் வரத்துக்கால்வாயையும் சேர்த்து வரையுங்கள். ஏரி சாவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

இந்தச் செயலியால் முடியாதது

'முன்பு நிறைய இருந்தது, இப்போது குறைந்துவிட்டது' என்பதை ஐநேச்சுரலிஸ்ட் நிரூபிக்காது. எத்தனை மணிநேரம் தேடினீர்கள், எதைப் பார்த்தும் படம் எடுக்காமல் விட்டீர்கள் என்ற கணக்கு அதில் இல்லை. சென்ற ஆண்டு 40 பதிவு, இந்த ஆண்டு 12 என்றால், உயிர்கள் குறைந்தனவா, ஆர்வலர்கள் குறைந்தார்களா என்று எவரும் திருப்பிக் கேட்கலாம். பதில் இருக்காது. குறைவைக் காட்ட வேண்டுமானால் பறவைகளுக்கு, கண்ட பறவைகளைப் பட்டியலிடும் தளமான இ-பேர்ட் வேண்டும். ஒரே இடத்தில், மாதம் இரு முறை, குறைந்தது 15 நிமிடம், கண்டதும் கேட்டதுமான எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு எழுதி, 'முழுமையான பட்டியலா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று கொடுக்க வேண்டும். எண்ணிக்கைக்குப் பதில் எக்ஸ் குறி போட்டால் பட்டியல் பாதி வலுவை இழக்கும். இப்படி ஏறத்தாழ 30,000 பேர் தந்த 3 கோடி பதிவுகளைக் கொண்டுதான் இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023 அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்திருப்பதாக அது சொல்கிறது. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு தொடங்குவதற்கு நல்ல வாய்ப்பு. வலசை வந்த உள்ளானும் வாத்தும் அப்போது ஏரிகளில் இருக்கும்.

ஏப்ரல் கடைசியில் வரும், நகரங்கள் உயிரினப் பதிவில் போட்டியிடும் சிட்டி நேச்சர் சேலஞ்ச் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-இல் லாஸ் ஏஞ்சலிஸும் சான் பிரான்சிஸ்கோவும் தங்களுக்குள் நடத்திய போட்டி அது, இன்று உலகமெங்கும் நடக்கிறது. புதியவர்களை இழுக்க உதவும். ஆனால் நம் ஊரில் அது காய்ந்த வெயில் காலம், எண்ணிக்கையைத் துரத்தி எடுக்கும் மங்கல் படங்கள் குவியும். உங்கள் ஏரிக்கென்று ஒரு நாள் வைப்பதானால், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வையுங்கள்.

சேர்ந்த பதிவுகளை எங்கே கொண்டுபோவது? முதலில் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி அமைய வேண்டிய குழு அது. மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதுவதும் அதன் பொறுப்பு. குழு பெயருக்கு மட்டும் இருக்கும் ஊர்களில் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம் உண்டு. தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே எழுந்து வாருங்கள். அரிட்டாபட்டிக்குக் கிடைத்த தகுதி இதே சட்டத்தின் 37-ஆம் பிரிவில் வருவது. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயில்காடு வெறும் 4.97 ஹெக்டேர், அதற்கும் 2025-இல் கிடைத்தது. இடம் சிறிது என்பது தடையில்லை.

பெரிய திட்டம் வருகிறதென்றால், 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும். அறிக்கையின் விலங்கு, தாவரப் பட்டியலை எடுத்து, உங்கள் பதிவுகளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கணக்கெடுப்பு எந்த மாதம் நடந்தது என்று பாருங்கள். மே மாதம் எடுத்த கணக்கில் வலசைப் பறவைகள் இருக்க வாய்ப்பில்லை. விடுபட்ட ஒவ்வோர் இனத்துக்கும் பெயர், நாள், ஆயத்தொலைவு, பதிவு எண், படம் என்று ஓர் அட்டவணை போட்டு, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் எந்த அட்டவணையில் வருகிறது என்பதையும் சேர்த்து, எழுத்து வடிவில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். 500 பதிவுகளை அச்சிட்டுக் கொடுப்பதைவிட, முத்திரை பெற்ற 20 பதிவுகள் கூர்மையாக வேலை செய்யும். நீங்கள் போட்ட அட்டவணையில் தளம் இடத்தை மறைக்கும் இனங்கள் இருந்தால், அவற்றின் ஆயத்தொலைவைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம், மூடிய உறையில் கொடுங்கள்.

மற்ற குறைகள் சிறியவை. தமிழ்ப் பெயர்கள் பல இனங்களுக்கு இல்லை, ஆனால் இனத்தின் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். உங்கள் ஊரில் வழங்கும் பெயரைச் சேர்த்துவிடுங்கள். 2025-இல் கூகுளின் உதவித்தொகையோடு ஆக்கச் செயற்கை நுண்ணறிவைச் சோதிக்கப் போவதாக அறிவித்தபோது பயனர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை நிர்வாகம் காதுகொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது நல்லதே. இனம் காணும் வேலையின் நம்பகம் மனிதர்கள் பார்ப்பதில்தான் இருக்கிறது.

13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் தாங்களாகவே கணக்குத் தொடங்க முடியாது. பள்ளிக் குழந்தைகளுக்கு அதே அமைப்பின் 'சீக்' செயலி ஏற்றது. கணக்கு வேண்டாம், கேமராவைக் காட்டினால் பெயர் சொல்லும், இணையம் இல்லாமலும் இயங்கும். ஆனால் அதில் பார்ப்பது தானாகப் பொதுப் பதிவாகச் சேராது. பசுமைப் படை நடத்தும் ஆசிரியர்கள், குழந்தைகள் சீக்கில் கண்டதைத் தங்கள் பொறுப்பில் ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்ற நினைத்தால், படத்தை ஆசிரியரே அந்த இடத்தில் நின்று தம் கைபேசியில் எடுக்க வேண்டும்.